வாரண்ட் விமானிக்கு ஐந்து பாடங்கள்

சிசிலி
நவம்பர் 3

கோரா,

நான் நல்லாருக்கேன். கை எலும்பு கூடிடுச்சு, போன வாரத்துலேர்ந்து பறக்குறேன். டாக்டர் மறுபடியும் தோண்டித் தோண்டிக் கேட்டான். டிரக்கோட பானட் கை மேல விழுந்துச்சுன்னுதான் சொன்னேன். உன்னை யாராவது கேட்டா நீயும் அதையேதான் சொல்லணும். நீயும் உங்கம்மாவும் நல்லாத்தான் இருப்பீங்க. நான் இல்லாத வீட்ல உங்களுக்கு என்ன குறை?

விஷயத்துக்கு வர்றேன். எங்க திட்டத்தை மூடிட்டானுங்க. கடற்படையில வாரண்ட் அதிகாரி, அதான் பட்டம் இல்லாம கீழேர்ந்து மேல வந்த எங்களை மாதிரி ஆளுங்க, இனிமே விமானம் ஓட்டக் கூடாதாம். எங்களைச் சேர்த்தப்ப என்ன சொன்னானுங்க தெரியுமா? "நீ பத்து வருஷம் எஞ்சின்ல கை வெச்சு மேல வந்தவன். உனக்கு ஆள் மேய்க்கிற வேலை கிடையாது, மேசை கிடையாது, ஓய்வு வாங்குற வரைக்கும் பறந்துகிட்டே இரு"ன்னானுங்க. இப்ப ஒரே ஒரு தாள். "சோதனை முடிந்தது, நன்றி." நான் சோதனை எலியாம்.

ரெண்டு வழி வெச்சிருக்கானுங்க. நாலு வருஷப் பட்டம் இருந்தா முழு அதிகாரியா மாத்திப்பானுங்க. அப்ப இங்கேயே மூணு வருஷம் இருந்து பறக்கலாம். பட்டம் இல்லன்னா ஜூன் மாசம் நம்ம ஊரு ஜாக்சன்வில் தளத்துல மேசை வேலை. எங்களோட பறந்த பெட்ரி இப்பவே அங்க போயிட்டான். கடல்ல நீர்மூழ்கி தேடுனவன் இன்னிக்குத் தீயணைக்கிற சிலிண்டர் எண்ணிகிட்டு இருக்கான்.

எனக்கு இன்னும் அஞ்சு பாடம் பாக்கி. மார்ச் முடியறதுக்குள்ள முடிக்கணும். எல்லாம் கம்ப்யூட்டர் வழியா எழுதி அனுப்புற பாடம்தான். நான் எழுதுனா எந்த லட்சணத்துல இருக்கும்னு உனக்கே தெரியும். உனக்குத்தான் எழுத வருமே, அதுக்கு ஒரு கோப்பை வேற வாங்கி ஷெல்ஃப்ல வெச்சிருக்க. இப்பவாவது உபயோகப்படு. பாஸ்வேர்டு பின்பக்கம் இருக்கு.

ஈமெயில்ல இதைப் பத்தி ஒரு எழுத்து வரக் கூடாது. இங்க எல்லாத்தையும் படிக்கிறானுங்க. கடுதாசின்னா கிழிச்சிப் போட்டுடலாம். கிழிச்சிப் போடு. உங்கம்மா வேலைலேர்ந்து வர்றதுக்கு முன்னாடி தபாலை எடுத்துடு. அவளுக்குத் தெரிஞ்சா யார் சொன்னதுன்னு எனக்குத் தெரியும். உன்கிட்ட முடியுமான்னு கேட்கல, செய்னு சொல்றேன்.

அப்பா


ஜாக்சன்வில்
நவம்பர் 19

மதிப்புக்குரிய அப்பா,

நானும் அம்மாவும் நலம். உங்கள் கை குணமானதில் மகிழ்ச்சி. பானட்டைப் பற்றி இதுவரை யாரும் கேட்கவில்லை. கேட்டால் நீங்கள் சொன்னதையே சொல்வேன்.

உங்கள் கடிதம் வந்த அன்றே பாடத்தைத் திறந்துவிட்டேன். முதலாவது வரலாறு. அம்மா ஒன்பதரைக்குப் படுக்கிறார். பத்து மணிக்கு மேல் சாப்பாட்டு மேசையில் இருக்கும் கம்ப்யூட்டரில் எழுதுகிறேன். திரை வெளிச்சம் கூடத்துக்குப் போகாமல் இருக்க மேலே ஒரு போர்வையைத் தொங்கவிட்டு அதற்குள் உட்காருகிறேன். அம்மா ஒரு தடவை தண்ணீர் குடிக்க எழுந்து வந்தார். போர்வைக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தேன். அவர் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

கட்டுரையை அனுப்பிவிட்டேன். நீங்கள் எழுதியது போல இருக்க வேண்டும் என்று சில இடங்களில் காற்புள்ளியை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். கடைசிப் பக்கத்தில் "இது முழுக்க என் சொந்த உழைப்பு என்று உறுதி கூறுகிறேன்" என்று ஒரு வரி இருக்கிறது. அதன் கீழே உங்கள் பெயரை அடிக்க வேண்டியிருந்தது. இது தெரிந்தால் உங்களை என்ன செய்வார்கள், என்னை என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. எங்கள் பள்ளியில் இதற்கு வெளியே அனுப்பிவிடுவார்கள்.

ஒன்று கேட்க வேண்டும். தவறாக நினைக்காதீர்கள். பட்டம் கிடைக்காமல் போனால், தளத்தில் அந்த மேசை வேலை மாலை எத்தனை மணிக்கு முடியும்?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்
கோரா


சிசிலி
டிசம்பர் 5

கோரா,

உடம்புக்கு ஒண்ணும் இல்ல. மனசுக்குத்தான். வரலாற்றுக் கட்டுரைக்கு மார்க் வந்திருக்கு, பி-யா? எனக்கு பி வாங்கித் தரவா உன்னைப் படிக்க வெச்சேன்? "நிறுத்தற்குறிகளில் கவனம் தேவை"ன்னு ஒரு வாத்திச்சி எனக்குப் புத்தி சொல்லி எழுதியிருக்கா. நான் எழுதுன மாதிரி இருக்கணுமாம், கமாவை எடுத்தியாம்! அப்பனைக் கிண்டல் பண்றியா? இனிமே ஒரு கமா குறைஞ்சுது, உனக்கு இருக்கு.

எங்களை முழு அதிகாரியா மாத்தறதுக்கான சிபாரிசுத் தாளை எல்லாம் படிக்கிறது எங்க கமாண்டர் ஹோல்ப்ரூக். மார்க்கைப் பார்ப்பான், கட்டுரையைக்கூட வாங்கிப் படிப்பான்னு சொல்றானுங்க. அவனுக்கு நான் ஒரு மெக்கானிக். மெஸ்ல பக்கத்துல உக்காந்தாக்கூட "மிஸ்டர் டில்மன், எஞ்சின் எப்படி இருக்கு?"ம்பான். எஞ்சினைக் கேட்பான், என்னைக் கேட்க மாட்டான்.

நேத்து பத்து மணி நேரம் பறந்தேன். விடியக்காலைல தண்ணிக்கு முந்நூறு அடி மேல. நாலு எஞ்சினும் ஒரே குரல்ல பாடுச்சு. எனக்குக் கீழ யாரும் கிடையாது, கடல் மட்டும்தான். என்னை யாரும் ஒண்ணும் கேட்கல, நான் யாருக்கும் ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல. அந்தப் பத்து மணி நேரம் நான் நல்ல மனுஷன், கோரா. இதைத்தான் புடுங்கப் பாக்குறானுங்க.

மேசை வேலை நாலரைக்கு முடியும். நாலே முக்காலுக்கு வீட்ல இருப்பேன். தினமும். சனி ஞாயிறு முழு நாளும். எதுக்குக் கேட்ட? ஆசையா இருக்கா? பட்டம் கிடைக்கலைன்னா ஒவ்வொரு நாளும் உன் தலைமாட்டுலதான் நிப்பேன், அதை ஞாபகம் வெச்சுக்கிட்டு எழுது.

அப்பா


ஜாக்சன்வில்
டிசம்பர் 29

மதிப்புக்குரிய அப்பா,

நாங்கள் இருவரும் நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீங்கள் அனுப்பிய கிறிஸ்துமஸ் பெட்டி வந்தது. அம்மா அதைப் பிரித்து, உள்ளே இருந்த துணிகளைத் துவைத்து மடித்து உங்கள் அலமாரியில் வைத்தார்.

நாலே முக்கால் என்று எழுதியிருந்தீர்கள். புரிந்துகொண்டேன். இனிமேல் பி வராது.

விடுமுறையில் இரண்டாவது, மூன்றாவது பாடங்களைச் சேர்த்தே முடித்தேன். புள்ளியியல் மட்டும் கடினமாக இருந்தது. நூலகத்திலிருந்து இரண்டு புத்தகங்கள் எடுத்து வந்து ஆரம்பத்திலிருந்து படித்தேன். பள்ளிப் பாட்டுக் குழுவிலிருந்து விலகிவிட்டேன். மாலையில் தூங்கினால்தான் இரவு விழித்திருக்க முடிகிறது. வகுப்பில் தூங்கிவிட்டேன் என்று ஆசிரியை மிஸஸ் அபர்நாதி அம்மாவைத் தொலைபேசியில் கூப்பிட்டார். நாவல் படிக்கிறேன் என்று சொல்லிச் சமாளித்தேன். அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என்ன நாவல்?" என்றார். வாய்க்கு வந்த ஒரு பெயரைச் சொன்னேன்.

அம்மா குளியலறைக்குப் புதுக் கதவு வாங்கிப் போட்டிருக்கிறார். பழையதைவிடக் கனமானது. தாழ்ப்பாளும் வேறு.

பட்டம் கிடைத்தால் மூன்று வருடம் என்று எழுதியிருந்தீர்களே, இடையில் விடுப்பு உண்டா? எத்தனை நாள்?

உங்கள் மகள்
கோரா


சிசிலி
ஜனவரி 22

கோரா,

சளி புடிச்சுது, சரியாயிடுச்சு. உங்க நலத்தை அடுத்த கடுதாசில பார்த்துக்கறேன்.

மூணு ஏ வந்திருக்கு. இந்த வயசுல எனக்கு ஏ! மெஸ்ல சொன்னேன். ஒருத்தன் கேட்டான், "டில்மன், யாரைக் கொலை பண்ணி வாங்குன?"ன்னு. எனக்கு மூளை இருக்குன்னு எவனுக்கும் நம்பிக்கை இல்ல. நீயும் ரொம்பத் தலைக்கனம் புடிச்சுத் திரியாத. என் அனுபவம், உன் விரல், அவ்வளவுதான்.

திடீர்னு என்ன உனக்கு இவ்வளவு அக்கறைன்னு யோசிச்சேன். சரி, அப்பனுக்கு இறக்கை வேணும்னு உனக்கும் இருக்கு போல. உங்கம்மாவுக்கு அது கிடையாது. அவ இந்தத் திட்டம் செத்ததுக்குக் கேக் வெட்டியிருப்பா.

விடுப்பு வருஷத்துக்கு முப்பது நாள். வர்றதும் வராததும் என் இஷ்டம்.

நாலாவதையும் முடிச்சிட்ட. கடைசிப் பாடம்தான் பெரிய தொல்லை. "மனிதர்களை வழிநடத்துதல்." உனக்குக் கீழே வேலை பார்த்த ஒருத்தர் செய்த தப்பை நீ எப்படிக் கையாண்டாய், பத்துப் பக்கம். எனக்குக் கீழ எவன் இருந்தான்? ஆளே வேண்டாம்னுதானே இந்தத் திட்டத்துல சேர்ந்தேன்! இப்ப முழு அதிகாரி ஆகணும்னா ஆள் மேய்க்கத் தெரியும்னு காட்டணுமாம். எதையாவது இட்டுக்கட்டி எழுது. கமாண்டர் முக்கியமா இதைத்தான் படிப்பானாம், அதனால கண்ணுல தண்ணி வர்ற மாதிரி இருக்கட்டும். எனக்கும் சுருக்கம் அனுப்பு. நேர்ல கேட்டா முழிக்கக் கூடாது.

அப்பா


ஜாக்சன்வில்
பிப்ரவரி 9

மதிப்புக்குரிய அப்பா,

இங்கே அனைவரும் நலம். சளி முழுவதும் நீங்கிவிட்டதா?

கடைசிக் கட்டுரை முடிந்துவிட்டது. அனுப்புவதற்கு முன்னால் நீங்கள் பார்க்க வேண்டும் என்று அச்செடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். நீங்கள் கேட்ட சுருக்கம் இது. நேர்முகத்துக்கு முன் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

ஒரு இளம் மாலுமி விமானத்தை இழுக்கும் வண்டியை முதல் தடவையாகத் தனியாக ஓட்டுகிறான். பின்னால் எடுக்கும்போது இறக்கையின் நுனியைக் கம்பத்தில் இடித்துவிடுகிறான். இடித்த சத்தத்தில் பயந்துபோய் இறங்கி ஓடி, கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறான். நீங்கள் கதவுக்கு வெளியே வருகிறீர்கள். கதவைத் தட்டுவதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தரையில் உட்கார்ந்து கதவில் முதுகைச் சாய்த்துக்கொள்கிறீர்கள். "நான் இங்கதான் உக்காந்திருக்கேன். அவசரமில்ல. உடைஞ்சது தகரம்தான், தகரத்தை வாங்கிக்கலாம். நீ எப்ப வெளிய வரணும்னு தோணுதோ அப்ப வா" என்கிறீர்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. உங்களுக்குக் கால் மரத்துப்போகிறது. கடைசியில் தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்கிறது. அவன் வெளியே வந்து தொப்பியில்லாத தலையுடன் நின்று உங்களுக்கு சல்யூட் வைக்கிறான். நீங்கள் "சாப்டியா?" என்று மட்டும் கேட்கிறீர்கள்.

மீதிப் பக்கங்களில் இதிலிருந்து நீங்கள் கற்றுக்கொண்டது என்ன என்று எழுதியிருக்கிறேன்.

எதையாவது மாற்ற வேண்டுமானால் எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒரு தடவை முழுதாகப் படியுங்கள் அப்பா.

கோரா


சிசிலி
பிப்ரவரி 25

கோரா,

நலம். படிச்சேன். முழுசா ரெண்டு தடவை படிச்சேன்.

அறிவு கெட்டவளே, கடற்படைக்காரன் பொண்ணா நீ? நம்மாளு கூரைக்குக் கீழ, தொப்பி இல்லாம எங்கயாவது சல்யூட் வைப்பானா? அது தரைப்படைக்காரன் பண்ற கோமாளித்தனம். அதை மட்டும் கமாண்டர் பார்த்திருந்தா அந்த வரிலயே தாளைக் கிழிச்சிருப்பான். பதினாறு வருஷம் என் வீட்ல என்னத்தைப் பார்த்து வளர்ந்த? சல்யூட்டை எடுத்துட்டு "நிமிர்ந்து நின்றான்"னு போடு.

தரையில உக்காந்தேங்கிறதும் எனக்குப் புடிக்கல. எவன் உக்காருவான்? ஆனா பொம்பளைங்களும் கமாண்டரும் இதுக்குத்தான் உருகுவாங்க. இருந்துட்டுப் போகட்டும். அந்தப் பையனுக்கு ஒரு பேரும் வெச்சிருக்கலாம்.

மத்தபடி ஒண்ணும் இல்ல. அனுப்பிடு.

அப்பா


சிசிலி
ஏப்ரல் 12

கோரா,

ஏழு வாரமாச்சு, உன்கிட்டேர்ந்து ஒரு கடுதாசி இல்ல. உடம்பு சரியில்லையா, கொழுப்பா? வேலை முடிஞ்சதும் அப்பனை மறந்தாச்சு.

கேட்டுக்கோ. அஞ்சும் பாஸ். பட்டம் வந்துடுச்சு. நேர்முகத்துல கமாண்டர் என் கட்டுரையைக் கையில வெச்சிருந்தான். "மிஸ்டர் டில்மன், இந்தப் பையன் யாரு?"ன்னு கேட்டான். சமாளிச்சேன். "சார், அவன் மானத்துக்காகப் பேரைச் சொல்ல மாட்டேன்"னேன். மனுஷன் எழுந்து வந்து கை குடுத்தான்! பதினோரு வாரண்ட் விமானி இருந்தோம், நாலு பேரைத்தான் எடுத்திருக்கானுங்க. அதுல நான் ஒருத்தன். அடுத்த மாசம் இருபதாம் தேதி லெப்டினன்ட் பட்டை. மூணு வருஷம் இங்கதான், பறந்துகிட்டே.

பறக்கிறதுக்கு வாடகையா நாப்பது பேரைத் தலைல கட்டிட்டானுங்க. விமானப் பராமரிப்புப் பிரிவு. இப்பவே பொறுப்பு எடுத்துக்கச் சொல்லிட்டானுங்க. எல்லாம் பால்குடி மறக்காதது. யெசேனியான்னு ஒருத்தி, பத்தொம்பது வயசு, டெக்சஸ்காரி. மூணாவது நாளே எஞ்சின் மூடிக்குள்ள டார்ச் லைட்டை மறந்து வெச்சிட்டா. நான் விடுவேனா? விமானம் நிறுத்துற ஹேங்கருக்கு நடுவுல நிக்க வெச்சு, டார்ச்சைக் கைல நீட்டிப் புடிச்சுக்கிட்டு, போறவன் வர்றவன்கிட்டல்லாம் "இதுக்கு இருக்கிற வெளிச்சம் என் மண்டைல இல்ல"ன்னு சொல்ல வெச்சேன். அரை மணி தாங்கல, அழுதுக்கிட்டே கழிப்பறைக்குள்ள ஓடிட்டா. போய் கதவுல ஒரு தட்டு தட்டுனேன் பாரு! உள்ள பொட்டுச் சத்தம் இல்ல. உன் கட்டுரைல வர்ற மாதிரி தரையில உக்காருவேன்னு நெனச்சியா? இப்ப நான் போனாலே நாப்பது பேரும் விறைச்சு நிக்கிறானுங்க. ஆள் மேய்க்கிறது ஒண்ணும் கஷ்டம் இல்ல.

பதவி ஏறும்போது கமாண்டர் வீட்டுக்கு ஒரு கடுதாசி போடுறது வழக்கம். வரும். உங்கம்மா அதை ஃபிரிட்ஜ் மேல ஒட்டி வெச்சுக்கட்டும்.

அப்பா


சிசிலி
ஏப்ரல் 14

அன்புள்ள திருமதி டார்லா டில்மன் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் மகளும் நலமுடன் இருக்க வாழ்த்துகிறேன்.

தங்கள் கணவர் ராய்ஸ் டில்மன் முழு அதிகாரியாகப் பதவியேற்க இருப்பதைத் தெரிவிப்பதில் பெருமைப்படுகிறேன். வாரண்ட் விமானிகளின் திட்டம் முடிவுக்கு வந்தது எங்கள் எல்லோருக்கும் வருத்தமே. அவர்களில் யாரைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்வது எளிதாக இல்லை. நல்ல விமானிகள் பலர் இருந்தனர். இளைஞர்களை நம்பி ஒப்படைக்கத் தகுந்தவர் யார் என்பதே என் முன் இருந்த கேள்வி.

அதற்கு விடை அவருடைய கட்டுரையில் கிடைத்தது. அதன் பிரதி ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். இந்தத் தளத்தில் எல்லா அதிகாரிகளும் இதைப் படிக்க வேண்டும் என்று கூறியிருக்கிறேன். இப்படிப்பட்ட ஒருவருடன் வாழும் பேறு பெற்றவர்கள் நீங்கள்.

புதிய பட்டையைக் குடும்பத்தினர் ஒருவர் சட்டையில் குத்துவது எங்கள் மரபு. பயணம் இயலாதென அறிகிறேன். அதற்குப் பதிலாகத் தங்கள் மகள் கோரா தன் தந்தையைப் பற்றிச் சில வரிகள் எழுதி அனுப்பினால், மே 20 அன்று பிரிவினர் அனைவர் முன்னிலையிலும் நானே வாசிப்பேன்.

நல்வாழ்த்துகளுடன்,
கமாண்டர் ஜி. ஹோல்ப்ரூக்


ஜாக்சன்வில்
மே 2

மதிப்புக்குரிய கமாண்டர் ஹோல்ப்ரூக் அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் இருவரும் உடம்பளவில் நலம்.

நீங்கள் என்னிடம் சில வரிகள் கேட்டிருந்தீர்கள். எழுதுகிறேன். இதை வாசிப்பதா வேண்டாமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். எனக்குப் பதினாறு வயது.

உங்கள் கடிதத்தை நான் பள்ளியிலிருந்து வருவதற்கு முன்பே அம்மா பிரித்துவிட்டார். அன்று அவருக்கு அரை நாள் வேலை. நான் வந்தபோது சமையலறையில் நின்றபடியே கட்டுரையைப் படித்துக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு மறுபடி முதல் பக்கத்துக்குப் போனார்.

"கோரா, இது நம்ம வீட்டுக் குளியலறைதானே?" என்று கேட்டார்.

நான் தலையாட்டினேன்.

"தரையில யாருடி உக்காந்தா? நான் உக்காந்தேன். தகரம்தான், வாங்கிக்கலாம்னு யாரு சொன்னா? நான் சொன்னேன். என் வாயில வந்ததை எடுத்து அவரு வாயில வெச்சிட்டியே!"

ஆமாம் சார். போன ஆகஸ்டில் அப்பாவின் டிரக்கைப் பின்னால் எடுக்கும்போது தபால் பெட்டிக் கம்பத்தில் இடித்துவிட்டேன். குளியலறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். அப்பா கதவைக் கையால் குத்தினார். நாலாவது குத்தில் கதவு உடைந்தது. அவருடைய கையும் உடைந்தது. பானட் எதுவும் விழவில்லை. கை உடையாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவர் தானே வண்டியை ஓட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போன பிறகும் நான் வெளியே வரவில்லை. குளிக்கும் தொட்டிக்குள் உட்கார்ந்திருந்தேன். அம்மா உடைந்த கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, நான் எழுதியிருக்கும் அந்த வார்த்தைகளைச் சொன்னார். இளம் மாலுமி என்று யாரும் இல்லை.

ஐந்து பாடங்களையும் நான்தான் எழுதினேன். கட்டாயப்படுத்தினார் என்பது உண்மை. ஆனால் முழுக் காரணம் அது இல்லை. பட்டம் கிடைக்கவில்லை என்றால் தினமும் நாலே முக்காலுக்கு வீட்டில் இருப்பேன் என்று எழுதினார். அதைப் படித்த இரவிலிருந்து நான் எழுதியதெல்லாம் அவர் வரக் கூடாது என்பதற்காக. புள்ளியியலைக்கூட அதற்காகத்தான் படித்தேன். அவர் வானத்திலேயே இருக்கட்டும் என்று நினைத்தேன். அங்கே அவருக்குக் கீழே யாரும் இல்லை என்பதால் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன்.

இதை அம்மாவிடம் சொன்னபோது அவர் கட்டுரையை மடித்து உறைக்குள் வைத்தார். பிறகு, "அவரு வரணும்னு நான் ஒரு நாளும் ஜெபம் பண்ணதில்லடி. ஆனா வரக் கூடாதுன்னு உழைக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல பாரு" என்றார். சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

உங்களுக்கு நன்றி என்று இரண்டு வரி எழுதிப் போட்டுவிட்டால் மூன்று வருடம் நாங்கள் நிம்மதியாக இருக்கலாம். பத்து நாட்கள் அதைத்தான் எழுத முயன்றேன். நல்ல வரிகள்கூட வந்தன. எனக்கு அது கஷ்டமில்லை.

ஆனால் உங்கள் தளத்தில் யெசேனியா என்று ஒரு பெண் இருக்கிறாள். டெக்சஸிலிருந்து வந்தவள். டார்ச் லைட்டை மறந்து வைத்ததற்காக அவளை என்ன செய்தார் என்று அப்பா எனக்கு எழுதியிருக்கிறார். பெருமையாக எழுதியிருக்கிறார். அவள் கழிப்பறைக்குள் ஓடியிருக்கிறாள், இவர் கதவைத் தட்டியிருக்கிறார். அவளுடைய அம்மா அங்கே இல்லை. கதவுக்கு வெளியே உட்கார யாரும் இருந்திருக்க மாட்டார்கள். அவளையும் மற்ற முப்பத்தொன்பது பேரையும் அவரிடம் ஒப்படைத்தது நீங்கள் இல்லை சார். என் கட்டுரை.

அப்பா கிழிக்கச் சொன்ன கடிதங்களில் ஒன்றையும் நான் கிழிக்கவில்லை. அவர் எழுதிய ஐந்தும் இத்துடன் இருக்கின்றன. பிரதி எடுக்கவில்லை, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அவர் கடலுக்கு மேல் பறப்பதைப் பற்றி எழுதியதையும் படியுங்கள். அதில் பொய் இல்லை.

இந்தக் கடிதத்தை நீங்கள் அவருக்குக் காட்ட வேண்டியிருக்கும் என்று தெரியும். காட்டுங்கள்.

அம்மா இப்போது எனக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறார். "பயமா இருக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "எனக்கும்தான். எழுது" என்றார்.

உங்களிடம் ஓர் உதவி கேட்கிறோம். அவரை எந்தத் தேதியில் ஊருக்கு விமானம் ஏற்றுவீர்கள் என்று அம்மா வேலை பார்க்கும் பல் மருத்துவமனைக்கு முன்கூட்டியே தகவல் சொல்லுங்கள். விலாசமும் தொலைபேசி எண்ணும் உறையின் உள்பக்கம் இருக்கின்றன. நாங்கள் கிளம்ப ஒரு நாள் இருந்தால் போதும். எங்களிடம் சாமான் அதிகமில்லை.

இப்படிக்கு,
கோரா டில்மன்